நடுவில் நிற்பவர் தராசைத் தொடலாகாது
பல்கலைக் கழக விடுதி ஒன்றிலிருந்து நாம் கற்ற பாடம்



நம் பிள்ளைகள் இப்போது பல்கலைக் கழகங்களுக்குப் போகிறார்கள். நாமோ ஆரம்பப் பள்ளி முடிந்ததும் பெட்டியடிக்கு வந்தவர்கள். மதரஸாவில் ஓதியதும் தராசு பிடித்துக் கற்றதுமே நம் படிப்பு. பல்கலைக் கழகத்தைப் பற்றி எழுத நமக்கு என்ன யோக்கியதை என்று அங்கத்தினர் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமே. ஆனால் நாம் எழுத வந்தது பாடநூல்களைப் பற்றி அல்ல. ஓர் அறையில் சேர்ந்து வாழும் இருவருக்குள் உண்டாகும் பிணக்கையும், மூன்றாவது மனிதர் ஒருவர் நடுநின்று அதைத் தீர்க்கும் முறையையும் பற்றியே எழுதுகிறோம். கூட்டு வியாபாரம் செய்யும் நமக்கு இது அந்நியமான விஷயம் அல்லவே!

விடுதியில் நடந்தது

நம் மூத்த மகன் ஒரு பல்கலைக் கழக மாணவர் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அறைத் தோழன் கிழக்குக் கரையிலிருந்து வந்த மலாய்ப் பிள்ளை. இருவரும் நல்ல பிள்ளைகள்தாம். ஆனால் நம் மகன் இரவு இரண்டு மணி வரை விளக்கைப் போட்டுக்கொண்டு படிப்பவன். மற்றவன் இஷா தொழுதுவிட்டுப் படுத்து, சுபுஹுக்கு முன்பே எழுகிறவன். ஒருநாள் இரவு அந்தப் பிள்ளை எழுந்து சொல்லாமல் கொள்ளாமல் விளக்கை அணைத்துவிட்டான். வார்த்தை தடித்தது. அன்றிலிருந்து மூன்று வாரம் ஸலாம் கூட இல்லை.

மகன் போன் செய்து சொன்னதும் நாம் என்ன சொன்னோம் தெரியுமா? “நீயும் பாதி வாடகை கட்டுகிறாய். விட்டுக் கொடுக்காதே. இல்லையென்றால் வேறு அறை கேள்” என்றோம். தகப்பன்மார் பலரும் இப்படித்தான் சொல்வோம். எண்ணெய் ஊற்றிவிட்டு, நெருப்பை அணைத்ததாக நினைத்துக்கொள்வோம்.

நல்ல வேளையாக அந்த விடுதியில் இதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு மூத்த மாணவர் இருந்தார். முதலில் அவர் இருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசினார். பிறகு, சம்மதமானால் வாருங்கள் என்று இருவரையும் ஒரே மேசைக்கு அழைத்தார். மூன்று நிபந்தனைகள் வைத்தார். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, ஏசக் கூடாது, அங்கே பேசியது வெளியே போகக் கூடாது.

அதற்குப்பின் அவர் செய்ததுதான் நமக்கு வியப்பு. யார் மீது குற்றம் என்று அவர் கேட்கவில்லை. “அவர் இப்போது சொன்னதை நீங்கள் உங்கள் வாயால் சொல்லுங்கள்” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். “ஆமாம், நான் சொன்னது அதுதான்” என்று மற்றவர் ஒப்புக்கொள்ளும் வரை விடவில்லை. நம் மகனுக்கு இதற்கு மூன்று முறை ஆயிற்றாம்!

அப்போதுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. அந்தப் பிள்ளை முந்திய பருவத்தில் ஒரு பாடத்தில் தவறியவன். காலை எட்டு மணி வகுப்பில் தூங்கிவிட்டால் மறுபடியும் தவறிவிடுவோம், கல்விக் கடன் நின்றுபோகும் என்ற பயம் அவனுக்கு. நம் மகனுக்கோ மேசை விளக்கு கெட்டுப் போயிருந்தது. வீட்டில் பணம் கேட்கக் கூச்சம். நாம் கடை வாடகை கூடிவிட்டதைப் பற்றிப் புலம்பியதைக் கேட்டிருக்கிறான். இரண்டு பேருமே பயந்துகொண்டிருந்தவர்கள். சண்டை போட்டதோ விளக்கைப் பற்றி.

முடிவு எளிதாயிற்று. பதினொரு மணிக்கு மேல் பெரிய விளக்கு இல்லை. சுவர்ப்பக்கம் திருப்பிய மேசை விளக்கு மட்டும். தேர்வு வாரங்களில் மகன் விடுதியின் பொதுப் படிப்பறைக்குப் போவான். எதையும் முதலில் வாயால் சொல்வது, பிறகே கையால் செய்வது. ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி உட்கார்ந்து பார்ப்பது என்று தேதியும் குறித்தார்கள்.

ஜன்னல் கதை

இந்த முறைக்கு வேரான ஒரு கதை உண்டு. அதுவும் ஒரு பல்கலைக் கழகத்தில் நடந்தது. மேரி பார்க்கர் ஃபாலட் (1868-1933) என்ற அமெரிக்க அம்மையார் 1925-ல் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில் அதைச் சொன்னார். ஹார்வர்ட் நூலகத்தின் ஒரு சிறு அறையில், ஒருவருக்கு ஜன்னல் திறக்க வேண்டும். அம்மையாருக்கு அது மூடியிருக்க வேண்டும். கடைசியில் ஆளில்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்குத் தேவைப்பட்டது காற்று. அந்த ஜன்னல் அல்ல. அம்மையாருக்கு வேண்டியது வாடைக்காற்று நேரே மேலே படாமல் இருப்பது.

பாதி திறந்து பாதி மூடியிருந்தால் இருவருக்குமே குறைதான். நாம் வழக்கமாகச் செய்யும் “ஆளுக்குப் பாதி” சமரசம் அப்படிப்பட்டது என்பது அம்மையாரின் கருத்து. 1981-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் எழுதிய நூலில் இதே கதையில் ஒரு நூலகப் பெண்மணி வருகிறார். அவர் முதலில் செய்வது, இருவரிடமும் “ஏன்?” என்று கேட்பதுதான். நடுவரின் வேலை அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

நம் கடையில் நடந்தது

இதைப் படிக்கும்போது நம் மனம் சும்மா இருக்கவில்லை. நாமும் நம் மச்சானும் கூட்டாகக் கடை நடத்தியவர்கள். ஓர் ஆண்டுக் கணக்கு முடித்தபோது நாலாயிரத்துச் சொச்சம் வெள்ளி குறைந்தது. “பெட்டியில் கை வைத்தது யார் என்று எல்லாருக்கும் தெரியும்” என்று கடைப் பையன்கள் முன்னால் சொல்லிவிட்டோம். உண்மையில் நமக்கிருந்த மனத்தாங்கல், அவர் நம்மைக் கேட்காமல் சிநேகிதர்களுக்குக் கடன் கொடுத்தார் என்பதே. அதை நாம் சொல்லவே இல்லை.

ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். இரவெல்லாம் பேரேடு பார்த்தார். குறைவை ஆளுக்குப் பாதி ஏற்க வேண்டும், கூட்டைப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்றார். இருவரும் தலையாட்டினோம். கணக்கு முடிந்தது. பேச்சும் முடிந்தது.

ஆறு வருஷம் கழித்து மச்சான் மௌத்தானார். ஜனாஸாவில் தோள் கொடுத்தோம். கபுருஸ்தானிலிருந்து திரும்பும்போது அவர் தம்பி சொன்னார்: “மச்சான், காசைப் பற்றி அண்ணன் ஒருநாளும் பேசியதில்லை. பையன்கள் முன்னால் சொன்ன சொல்லை அவர்கள் முன்னாலேயே எடுத்துக்கொண்டால் போதும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.”

பெரியவரை நாம் குறை சொல்ல மாட்டோம். அவரிடம் தீர்ப்புக் கேட்டோம், தீர்ப்புக் கொடுத்தார். “உனக்கு என்ன வேண்டும், ஏன் வேண்டும்” என்று கேட்கத்தான் அங்கே ஆளில்லை.

நடுநிற்பவர் கவனிக்க வேண்டியவை

1. இருவரும் மனம் ஒப்பி வர வேண்டும். இழுத்து வந்து உட்கார வைப்பது மத்தியஸ்தம் ஆகாது.

2. நடுவருக்கு இருவரிடமும் கொடுக்கல் வாங்கல் இருக்கலாகாது. இருந்தால் முதலிலேயே சொல்லி விலகிக்கொள்ள வேண்டும்.

3. கேட்டதைக் காப்பாற்ற வேண்டும். டீக்கடைக்குப் போன ரகசியம் சந்தைக்குப் போனதற்குச் சமம்.

4. தீர்ப்புச் சொல்லலாகாது. நிறுத்துப் பார்ப்பது அவர்கள் வேலை. தராசு ஆடாமல் பார்த்துக்கொள்வதே நடுவர் வேலை.

5. முடிவை எழுதி, மறுபடி பார்க்கத் தேதி குறிக்க வேண்டும்.

எல்லா வழக்கும் இதில் அடங்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். அடிதடி, மிரட்டல், பெண்பிள்ளைகளிடம் முறைகேடு போன்றவற்றைச் சமரசம் பேசி மூடக் கூடாது. அவை நிர்வாகத்துக்கும் போலீசுக்கும் போக வேண்டியவை. விரிவுரையாளருக்கும் மாணவனுக்கும், முதலாளிக்கும் வேலையாளுக்கும் இடையே என்றால், மெலிந்தவர் பயந்து தலையாட்டுகிறாரா என்று கூர்ந்து பார்க்க வேண்டும்.

மார்க்கமும் சட்டமும்

பிணங்கியவரிடையே இணக்கம் செய்யும்படி அல்-ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. அன்னிஸா அத்தியாயத்தின் 35-ஆம் வசனம், கணவன் மனைவி பிணக்கில் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை வைக்கச் சொல்கிறது. இரு தரப்புக்கும் தன்னுடையவர் என்று ஓர் ஆள் இருக்கும் இந்த ஏற்பாட்டைச் சிந்திக்க வேண்டும்.

நாட்டுச் சட்டமும் இவ்வழியை ஏற்றிருக்கிறது. சிலாங்கூர் ஷரீஅத் நீதிமன்றங்களில் 2002 முதல் ‘சுல்ஹ்’ முறை நடைபெறுகிறது. மலேசியாவில் 2012-ல் மத்தியஸ்தச் சட்டம் வந்தது. அதன்படி பேச்சு ரகசியம், எழுதிக் கையொப்பமிட்ட உடன்பாடு இருவரையும் கட்டும். சிங்கப்பூரில் 1998-ல் சமூக மத்தியஸ்த நிலையம் திறக்கப்பட்டது. அண்டை வீட்டார் பிணக்குகளைத் தொண்டர்கள் அங்கே உட்கார்ந்து பேசித் தீர்க்கிறார்கள்.

சகோதரர்களே! உங்கள் பிள்ளை விடுதியிலிருந்து போன் செய்து புகார் சொன்னால், யார் பக்கம் நியாயம் என்று உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். “அவனுக்கு என்ன கஷ்டமாம், கேட்டாயா?” என்று கேளுங்கள். கூட்டாளியோடு பேச்சு நின்றுபோயிருந்தால், இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு இன்றே ஒருவரை நடுவில் அனுப்புங்கள். நம் மச்சானிடம் எடுத்துக்கொள்ள வேண்டிய சொல்லை நாம் இப்போது அவர் தம்பியிடமும், அன்று கடையில் இருந்த பையன்களில் தேடிக் கிடைத்த இருவரிடமும் எடுத்துக்கொண்டோம். அவரிடம் சொல்ல வழியில்லை.

அல்லாஹ் நம் உள்ளங்களை இணக்கி வைப்பானாக. ஆமீன்.