கனம் தூக்கும்போது முதுகைக் காக்க

அரிசி மூட்டையோ தண்ணீர்க் குடமோ, முதுகைப் பதம் பார்ப்பது எடை மட்டுமல்ல. உடம்பிலிருந்து அதை எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறோம் என்பதும்தான். முதுகுத் தசைகள், முதுகெலும்பின் வட்டுகளுக்குப் பின்னால் சுமார் 5 செ.மீ. தள்ளியிருந்து இழுக்கின்றன. 10 கிலோ பொருளை அரை மீட்டர் முன்னால் நீட்டிப் பிடித்தால், அதற்கு ஈடுகொடுக்க அவை ஏறத்தாழ 100 கிலோ விசையோடு இழுக்க வேண்டும். வயிற்றோடு நெருக்கி, கால் மீட்டரில் பிடித்தால் அதில் பாதி போதும். (குனிந்த உடம்பின் எடை தனிக் கணக்கு.)

'குனியாதே, குந்தித் தூக்கு' என்பார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது நடக்கிற காரியமா? அகலமான பொருள் என்றால் முழங்கால்கள் குறுக்கே வந்து, பொருள் இன்னும் தள்ளிப்போகும். கால்களை அகட்டி நின்று, பொருளை நடுவே இழுத்துக்கொண்டு, இடுப்பையும் முழங்காலையும் மடக்கித் தூக்குங்கள். தூக்கியபின் இடுப்பை முறுக்காமல், பாதங்களை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

ஒரு கையில் நிறை வாளியைவிட, இரு கைகளிலும் அரை வாளி முதுகுக்கு லேசு. சமையல் சிலிண்டரைத் தூக்கவே வேண்டாம், 14.2 கிலோ எரிவாயுவும் இரும்புமாக 30 கிலோவை ஒட்டி வரும். சக்கரம் வைத்த ஸ்டாண்டு வாங்கிவிடுங்கள்.

இரவில் வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அதனால் எழுந்த முதல் ஒரு மணி நேரம், குனிந்து கனம் தூக்கும் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.