மேனேஜர் எழுதிய பொய்க்கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஷிப்ட் போடுவதும் சம்பளக் கணக்கில் கையெழுத்திடுவதும் இனி உன் வேலை. அதனால்தான் அமெரிக்காவின் உணவுத் தொழிலில் இருந்த ஒரு மேனேஜரைப் பற்றி எழுதுகிறேன். சமூகவியலாளர் லிசா டாட்சன் 2009-இல் வெளியிட்ட ‘தி மாரல் அண்டர்கிரவுண்ட்’ நூலில் அவர் வருகிறார். ஊழியர் டாக்டரிடம் போகச் சீக்கிரமே கிளம்பிவிட்டால், நேரம் கழித்து இவரே அவருடைய கார்டைப் பஞ்ச் செய்வார். சம்பளத்தில் கொஞ்சம் கூட்டி எழுதுவார். வீட்டுக்குச் சாப்பாடும் கொடுத்தனுப்புவார். அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

இது திருட்டா?

பொய்க்கணக்கு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஊழியருக்குச் சட்டம் என்ன வைத்திருந்தது என்றும் பார்க்க வேண்டும். நூல் வந்த ஆண்டில் அங்கே கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலராக ஆனது. 1993-ஆம் ஆண்டின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம் தருகிறது, சம்பளம் இல்லாமல். அதுவும் 50 பேராவது வேலை செய்யும் நிறுவனத்தில் ஓராண்டு இருந்து, 1,250 மணி நேரம் உழைத்தவருக்குத்தான். பிள்ளையின் சாதாரணக் காய்ச்சல் அதில் சேராது. நேரக்கணக்கு முதலாளி பக்கமும் வளைந்திருக்கிறது: இடைவேளை மறுத்ததற்காகவும் கணக்கில் வராத வேலை வாங்கியதற்காகவும் 2006-இல் பிலடெல்பியா ஜூரி வால்மார்ட்டுக்குச் சுமார் 7.8 கோடி டாலர் இழப்பீடு விதித்தது.

அந்த மேனேஜரைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் இப்படிப்பட்ட உதவி யாருக்குப் போய்ச் சேரும்? கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தவருக்கு, மேனேஜருக்குப் பிடித்தவருக்கு. கூச்சப்படுகிறவர் அதே கூலியில் அப்படியே நிற்பார். பிடிபட்டால் கார்டில் இருப்பது ஊழியரின் பெயர். அவரைக் கேட்காமல் அந்த ஆபத்தில் இழுத்துவிட எந்த மேனேஜருக்கும் உரிமை இல்லை. வேலை போனால் போகட்டும் என்று துணிவதானால், அது தன் வேலையாக இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ரகசியமாகச் செய்யும் உதவியால் தலைமை அலுவலகத்துக்கு எதுவும் தெரிவதில்லை. இந்தக் கூலிக்கு ஆள் கிடைக்கிறது, கடையும் நடக்கிறது என்றே அங்கே எண்ணுவார்கள். விதியை வளைக்கிற மேனேஜர், அந்த விதி தவறு என்று மேலே எழுத்தில் சொல்லவும் வேண்டும். சொல்பவர்கள் சேர்ந்தால் விதி மாறும். 2006-இல் சான் பிரான்சிஸ்கோ மக்கள் வாக்களித்து, 30 மணி நேர வேலைக்கு 1 மணி நேரம் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பைச் சட்டமாக்கினார்கள். 2011-இல் கனெக்டிகட் மாநிலமும் சேவைத் தொழிலாளருக்கு அப்படி ஒரு சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தில் அப்போது 40 மணி நேரத்துக்கு 1 மணி நேரம் என்று இருந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்காக யாரும் யாருடைய கார்டையும் பொய்யாகப் பஞ்ச் செய்ய வேண்டியதில்லை.

அன்புடன்,
அண்ணன்