சொக்லேட் ஆசையும் சாயத்தண்ணிச் சீனியும்



பிள்ளைக்காம்பராவில் வேலை செய்யும் அக்கா ஒருவர் கிளினிக் நாளில் என்னிடம் மெதுவாக வந்தார். "மிஸ், சோத்தைக் குறைச்சிட்டேன். ராத்திரிக்கு ஒரு ரொட்டிதான். ஆனா சொக்லேட்டைக் கண்டா மட்டும் கையை அடக்க முடியல" என்றார். அவருடைய அம்மாவுக்குச் சீனி வியாதியால் ஒரு காலை எடுக்க வேண்டி வந்தது. இப்போது இவருக்கும் இரத்தத்தில் சீனி எல்லையைத் தொட்டு நிற்கிறது. நிறையைக் குறைக்கும்படி டொக்டர் சொல்லிவிட்டார். ஆகவே இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

சொக்லேட் எங்கிருந்து வருகிறது? அவருடைய மகன் திருகோணமலை டவுனில் ஒரு கடையில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வரும்போது அம்மாவுக்கென்று 50 கிராம் பார் நாலு கொண்டு வருவான். அக்கா அதை அலுமாரியில் சேலைக்கு அடியில் ஒளித்து வைப்பார். ரெண்டு நாளில் நாலும் முடிந்துவிடும்!

போன லீவில் எங்கள் தோட்டத்துக் குடும்பங்கள் பஸ் பிடித்துத் திருகோணமலைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். கோணேஸ்வரத்தில் கும்பிட்டு, கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்துவிட்டு, துறைமுகப் பக்கம் வந்தோம். தூரத்தில் சீனக்குடாவில் பிரிமா மா ஆலை தெரிந்தது. 1980ஆம் ஆண்டு முதல் அங்கே கோதுமை அரைக்கிறார்கள். நம் லயத்து ரொட்டி மாவுக்கும் அந்தத் துறைமுகத்துக்கும் அவ்வளவு சொந்தம். அன்றைக்கு வாங்கிய சொக்லேட் வெயிலில் பைக்குள்ளேயே இளகிவிட்டது. கொக்கோவின் கொழுப்பு நம் உடம்புச் சூட்டிலேயே கரைகிற சாதி. வாயில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு போவது அதனால்தான். கொக்கோ தனியாகக் கசக்கும். நம்மை இழுப்பது அதோடு சேர்ந்த சீனியும் கொழுப்பும்.

பஸ்ஸில் அக்காவோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

50 கிராம் பால் சொக்லேட்டில் சுமார் 260 கலோரி. அதில் ஏறக்குறையப் பாதி சீனி, அதாவது 5 தேக்கரண்டி. நாலு பாருக்கு மாதத்தில் 1,040 கலோரி. சரி, சாயத்தண்ணி எத்தனை? "அஞ்சு தரம் குடிப்பேன், மிஸ். மூணு கரண்டி சீனி போட்டாத்தான் குடிச்ச மாதிரி இருக்கும்." நாளைக்கு 15 கரண்டி, 75 கிராம். அது 300 கலோரி. மாதத்துக்கு 9,000! உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. அக்கா திருடனைச் சேலைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார். அவனோ அடுப்படியில் சீனிப் போத்தலில் உட்கார்ந்திருந்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு, ஒரு சாதாரண ஆளுக்கு நாளைக்கு 50 கிராமுக்குக் குறைவான சீனி. 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. சோடா, டொபி, பணிஸ் எல்லாவற்றிலும் இருக்கிற சீனியும் இந்தக் கணக்கில் சேரும். குளிர்பானப் போத்தலில் நிற அடையாளம் போடும் சட்டம் 2016இல் வந்தது. சிவப்பு என்றால் 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி. கடற்கரையில் நம் பிள்ளைகள் குடித்தவற்றைத் திருப்பிப் பார்த்தேன், சிவப்புத்தான் அதிகம்.

இனி, அந்த ஆசை ஏன் பின்னேரத்தில் வருகிறது? காலையில் வெறும் வயிற்றில் இனிப்புச் சாயத்தண்ணி, உடனே பிரட்டுக்கு ஓட்டம். சீனி சட்டென்று இரத்தத்தில் ஏறுகிறது, அப்புறம் இறங்குகிறது, பசி கிளம்புகிறது. மத்தியானமும் அரை வயிறு என்றால், மாலையில் உடம்பு இனிப்பைத்தான் கேட்கும். சோற்றை அளவுக்கு மீறிக் குறைத்ததும் அக்காவுக்கு வினையாயிற்று. ரொட்டியில் ஒன்றைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பும் கீரையும், முடிந்த நாளில் ஒரு அவித்த முட்டையும் வையுங்கள். வயிறு நிறைந்தவருக்குச் சொக்லேட் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

அடியோடு விட்டுவிடுகிறேன் என்று சத்தியம் பண்ண வேண்டாம். அப்படிப் பண்ணியவர்கள்தான் சம்பள நாளில் ரெண்டு மடங்கு தின்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு துண்டு, மற்றது பிள்ளைகளுக்கும் பக்கத்து லயத்துக்கும். வீட்டில் மிச்சம் வைக்காதீர்கள். ஆசை முட்டினால் பத்து நிமிஷம் தண்ணிப் பீலி வரைக்கும் வேகமாக நடந்துவிட்டு வாருங்கள், அநேகமாக அடங்கிவிடும். சாயத்தண்ணியில் ரெண்டு கிழமைக்கு ஒரு தடவை அரைக் கரண்டி சீனி குறையுங்கள். ஒரேயடியாகக் குறைத்தால் வீட்டில் சண்டை வரும். மெல்லக் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும்.

சிலருக்கு இது பொருந்தாது. வயிற்றுப் பிள்ளைக்காரிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் நிறை குறைக்கப் பட்டினி கிடக்கக் கூடாது. சீனி வியாதிக்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது. மலையில் நிற்கும்போது திடீரென்று வேர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் சீனி இறங்கிவிட்டது என்று பொருள். அப்போது உடனே மூன்று கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பிறகு சாப்பிட வேண்டும். அந்த நேரத்தில் நான் எழுதிய கணக்கை யாரும் பார்க்க வேண்டாம்.

இடுப்புச் சுற்றளவைக் கிளினிக்கில் அளந்து பார்க்கலாம். பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் கவனம் தேவை.

அக்கா இப்போது ஒன்றரைக் கரண்டிக்கு வந்திருக்கிறார். மகன் இந்த மாதம் சொக்லேட்டுக்குப் பதிலாகக் கச்சான் கொண்டு வந்தானாம். அதிலும் கொழுப்பு உண்டு, ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.