நாய் உன்னுடையது, கடியும் உன்னுடையது

செட்டியார்பட்டி மருமகனுக்கு மாமா எழுதுவது.

அக்கா போனில் எல்லாம் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பையனின் கெண்டைக்காலில் உங்கள் நாய் பல்லைப் பதித்துவிட்டது, ரத்தமும் வந்திருக்கிறது. "பந்து எடுக்க அவன் எதுக்குக் கேட்டைத் திறந்தான்? நாய் அது வேலையைச் செய்தது" என்று நீ தெருவில் நின்று வாதாடினாயாம். அந்த வழக்கை அப்புறம் பேசுவோம். பையனுக்கு ஊசி போட்டாயிற்றா?

கடிவாயில் காப்பித்தூளை அப்பிக் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டதும் எனக்குப் பகீரென்றது. கட்டை அவிழ்த்து, குழாயடியில் காலை வைத்து, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவச் சொல். நேரம் கடந்திருந்தாலும் கழுவட்டும். ரேபிஸ் கிருமியின் மேலுறை கொழுப்பு. சோப்புப் பட்டால் சிதைந்துவிடும். பக்கத்திலேயே சத்திரப்பட்டிக்காரர்கள் ஊர் ஊராகப் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிறார்கள். இந்தக் காயத்துக்கு மட்டும் அந்தத் துணி ஆகாது. திறந்தே இருக்க வேண்டும். தையல்கூட, வேறு வழியில்லை என்று டாக்டர் சொன்னால்தான்.

அடுத்தது ராஜபாளையம் அரசு ஆஸ்பத்திரி. ஊசிக்குக் காசு கிடையாது. முதல் ஊசி போடுகிற நாள், அதிலிருந்து 3, 7, 28 என்று நான்கு தடவை, இரண்டு கையிலும் தோலுக்குள் துளித்துளியாகப் போடுவார்கள். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் செலுத்த வேண்டியிருக்கும். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கச் சில நாளாகும், அதுவரை காவல் அந்த மருந்துதான். அது இருக்கிறதா என்று நீயே வாயைத் திறந்து கேள், இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்றும் கேள். பையனின் பாட்டி தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பயப்படுகிறாளாம். அந்தக் காலத்தில் ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்து அது. 2005 வாக்கில் நம் நாட்டில் அது நின்றே போயிற்று. இதைப் பாட்டியிடம் பக்கத்தில் உட்கார்ந்து சொல். ஊசிக்குப் பயந்து மந்திரிக்கக் கூட்டிப்போனால் வீணாகிற ஒவ்வொரு நாளும் ஆபத்து. நோய் குறி காட்டிய பிறகு மருத்துவர்கள் கையில் ஏறக்குறைய எதுவும் இல்லை.

"எங்க நாய்க்குத்தான் ஊசி போட்டிருக்கே" என்று நீ சொல்வாய். எப்போது? சீட்டு எங்கே? குட்டிக்கு மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு ஒரு பூஸ்டர், அப்புறம் வருஷம் தவறாமல். நான் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்த காலத்தில், குட்டியாக இருந்தபோது போட்ட ஒரே ஊசியை ஏழு வயது நாய்க்கும் சாட்சி சொல்ல வைத்தவர்கள் நிறையப் பேர் வந்தார்கள். சீட்டு சரியாகவே இருந்தாலும் பையனின் ஊசியை நிறுத்துவது டாக்டர் முடிவு, உன் முடிவில்லை. நாயைப் பத்து நாள் தனியாக வைத்துக் கவனி. அதுவரை நன்றாக இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் கிருமி இருந்திருக்காது. யாராவது கோபத்தில் அதை அடித்துக் கொன்றுவிட்டால் இந்த வழியும் அடைபடும்.

இனி அந்த வழக்கு. ராஜபாளையம் நாய் என்றால் நம் ஊர்க்காரர்களுக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் போகிறது. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, நெடுநெடு கால். 2005இல் தபால் தலையே போட்டார்கள். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் குதறின. வளர்த்தவர் கைதானார். அப்போது நீ என்னிடம் சொன்னது, "அதெல்லாம் வெளிநாட்டுச் சாதி மாமா, நம்ம நாய் அப்படிச் செய்யாது." செய்யும். காட்டுப்பன்றியை விரட்டிப் பிடிக்க வளர்த்த இனம் அது. வீட்டாரிடம் உயிரையே விடும், அந்நியரை எளிதில் நம்பாது. ஓடப் பிறந்ததை நீ கேட்டுக்குப் பக்கத்தில் மூன்று முழச் சங்கிலியில் நாள் பூராவும் கட்டிப் போட்டிருக்கிறாய். போகிற வருகிற சைக்கிள், தறிக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரையும் பார்த்துக் குரைத்துக் குரைத்து அதற்கு வெறி ஏறாமல் என்ன செய்யும்? காவலுக்கு நாய் என்று சொல்லிக்கொண்டு தெருவுக்கு ஒரு பகையை வளர்த்திருக்கிறாய்.

1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை ஒரு தடவை படித்துப் பார். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க, ஓட விடாமல் இருப்பதும் குற்றம் என்று அதில் இருக்கிறது. கடித்த கணக்குக்கு வேறு சட்டம். வளர்க்கிற பிராணியால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு சொல்கிறது. கேட்டைத் திறந்தது பையன் என்பது உண்மைதான். பூட்டாமல் விட்டது யார்?

இன்னொன்று. அப்பழுக்கில்லாத வெள்ளை வேண்டும் என்று தேர்ந்து தேர்ந்து சேர்த்ததில் இந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பது உண்டு. விற்கிறவர் சொல்லமாட்டார். உன் நாய் அசந்திருக்கும்போது பின்னால் நின்று கையைத் தட்டிப் பார். திரும்பவில்லை என்றால் பையன் வந்தது அதற்குக் கேட்டே இருக்காது, திடுக்கிட்டுக் கவ்வியிருக்கும். அப்படியானால் அதை வளர்க்கிற முறையே வேறு. தூங்கும்போது தொடக்கூடாது என்பதில் ஆரம்பித்து எல்லாவற்றையும் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் சொல்லித்தர வேண்டும்.

அத்தான் ஆத்திரத்தில் அய்யனார் கோயில் காட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறாராம். வேண்டாம். அதுவும் சட்டப்படி குற்றம். அந்த மலைப்பக்கம் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம். நாய் அங்கே பட்டினியில் சாகும், அல்லது மானைத் துரத்தும். வாங்கியது நீ, வைத்திருக்க வேண்டியதும் நீ. கொல்லைப் பக்கம் நல்ல வேலி போட்டு அவிழ்த்து விடு, காலையும் மாலையும் வாரோடு நடத்திக் கூட்டிப் போ, பழகும்வரை வாய்க்கூடும் போடு. கேட்டுக்கு உட்புறம் தாழ்ப்பாளும் பூட்டும் இந்த வாரமே வந்தாக வேண்டும்.

பக்கத்து வீட்டுக்கு இன்றைக்கே போ. அக்காவை அனுப்பாதே, நீ போ. தப்பு எங்கள் பக்கம் என்று பையனின் அப்பாவிடம் சொல்லிவிட்டு, நான்கு ஊசிக்கும் கூட்டிப்போய் வருவது என் பொறுப்பு என்று சொல். அவர் நாலு வார்த்தை அதிகமாகப் பேசினால் வாங்கிக்கொள், பதில் பேசாதே. ஊசி நாட்களைக் காலண்டரில் குறித்து வை. 28ஆம் நாள் ஊசியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், காயம் ஆறியிருக்கும் பார். எந்த ஊசியாவது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் எங்கே போட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்.

அன்புடன்,
மாமா