பாய் விரித்த வள்ளமும் ஓடுகிற தூண்டிலும்

- மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி வருகிறது என்பவர்கள் நம்மில் பலர். நானும் அப்படித்தான் இருந்தேன். 'டிராக்' என்று ஒரு சூத்திரம் வருமே, அதன் அர்த்தம் எனக்கு வகுப்பறையில் விளங்கவில்லை. தாய்மாமாவின் விரலைப் பார்த்துத்தான் விளங்கியது. அவருக்கு வலது கை ஆள்காட்டி விரல் மடங்காது. காரணம் ஒரு சீலா மீன்!

தாமிரபரணிக் கரையில் வளர்ந்த நமக்குத் தூண்டில் என்றால் மண்புழுவைக் கோர்த்துப் போட்டுவிட்டுத் தக்கை ஆடுகிறதா என்று பார்த்திருப்பதுதான். அதே ஆறு புன்னக்காயலில் கடலில் சேர்ந்த பிறகு கதை வேறு. மன்னார் வளைகுடாவின் சீலா, சூரை, பாறை எல்லாம் துரத்தி வேட்டையாடும் ஜாதி. பாய் விரித்து ஓடும் வள்ளத்தின் பின்னால் நீளமாகக் கயிறு விட்டு, நுனியில் முள்ளும், அதை மறைக்க இறகோ நாரோ பளபளக்கும் தகடோ கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். மீன் அதைத் தப்பி ஓடும் குஞ்சு மீன் என்று நினைத்துப் பாயும். (நம் சீலாதான் சென்னையில் வஞ்சிரம். சென்னைக்காரர் ஷீலா என்றால் ஊளியைச் சொல்கிறார். மார்க்கெட்டில் ஏமாறாதீர்கள்!)

இதில் என்ஜின் எது? காற்றுதான். விடியுமுன் கரைக்காற்று வள்ளத்தை வெளியே கொண்டுபோகும். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று திருப்பிக் கொண்டுவரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியே இறங்கி வீசும். கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளைச் சுற்றுவது அதுதான். ஆனால் அது கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற காற்று. போவது சுலபம், வருவது கஷ்டம்.

வேகத்துக்கும் ஒரு எல்லை உண்டு. தண்ணீரைக் கிழித்துப் போகிற படகு தானே எழுப்பும் அலையில் தானே மாட்டிக்கொள்கிறது. தண்ணீர் மட்டத்தில் உள்ள நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட அந்த எல்லை நாட் கணக்கில் கிடைக்கும். 30 அடி வள்ளத்துக்கு ஏறத்தாழ 7.3 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். சீலா, சூரைக்குத் தூண்டில் இழுக்க 5, 6 நாட் நல்ல வேகம். பாய்ப்படகு நல்ல காற்றில் ஓடும் வேகமும் அதுவே. இந்தப் பொருத்தம் இருப்பதால்தான் உலகம் சுற்றும் பாய்ப்படகுக்காரர்களும் பின்னால் ஒரு கயிறு விட்டுக்கொண்டே போகிறார்கள். 1947-ல் கான்-டிக்கி என்ற கட்டுமரத் தெப்பத்தில் ஆறு பேர் 101 நாள் பசிபிக்கில் மிதந்தபோது, காலையில் தெப்பத்தின் மேல் விழுந்து கிடக்கும் பறவைக்கோலாவைப் பொறுக்கி வறுத்தார்களாம். அந்த யோகம் எல்லோருக்கும் வாய்க்காது!

சரி, மீன் மாட்டிவிட்டது. இங்கேதான் பாடம் ஆரம்பம். மோட்டார் படகு என்றால் ஆக்ஸிலேட்டரைக் குறைக்கலாம். காற்றை யார் குறைப்பது? வள்ளம் 6 நாட்டில், அதாவது வினாடிக்கு 3.1 மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள சீலா பக்கவாட்டில் திரும்பி எதிர்க்கிறது. அதன் பக்கப் பரப்பு சுமார் 0.1 சதுர மீட்டர், டிராக் குணகம் 1 என்று வைத்துக்கொள்வோம். கடல்நீர் அடர்த்தி 1025. பாதி × 1025 × 3.1 × 3.1 × 0.1. விடை சுமார் 490 நியூட்டன், அதாவது 50 கிலோ இழுப்பு! மீனின் எடையோ ஏழெட்டு கிலோதான் இருக்கும். மீன் முதலில் இழுத்து உதறும் அதிர்ச்சி இதில் சேரவில்லை.

மாமா அன்றைக்குக் கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றியிருந்தார். தங்கூஸ் நரம்பு கத்தி மாதிரி இறங்கிவிட்டது. இப்போதும் சொல்வார்: "ஏல மருமவனே, கயித்தக் கையில சுத்தாத. மீனு போனா இன்னொண்ணு வரும். வெரலு போனா வருமால?"

என்ன செய்திருக்க வேண்டும்? பாய்க் கயிற்றைத் தளர்த்திக் காற்றை வெளியே விட்டிருந்தால் போதும். வேகம் 3 நாட்டுக்கு இறங்கினால் இழுப்பு பாதியாகாது, கால் பங்காகும். 50 கிலோ 12 கிலோ ஆகிவிடும். வேகத்தின் வர்க்கம் என்று வாத்தியார் கரும்பலகையில் தட்டித் தட்டிச் சொன்னது இதைத்தான். எனவே ஒருவர் பாய்க் கயிற்றில், ஒருவர் தூண்டிலில். தனி ஆளாகச் செய்யக் கூடாது. தூண்டில் கயிற்றின் நுனியைப் படகில் கட்டி, நடுவே ஒரு துண்டு சைக்கிள் டியூபைச் சேர்த்துவிட்டால் முதல் உதறலை ரப்பர் வாங்கிக்கொள்ளும். முடிச்சு போட்ட இடத்தில் நரம்பின் பலம் குறைந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். சீலாவின் பல் நைலானை ஒரே கடியில் அறுத்துவிடும், ஆகவே முள்ளுக்கு முன்னால் மெல்லிய இரும்புக் கம்பி அவசியம்.

மீன் படகில் ஏறியதும் வேலை முடியவில்லை. நம் கடல் நீரே 28, 30 டிகிரி சூடு. வெயிலில் கிடக்கும் சூரையில் பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். சாப்பிட்டால் முகம் சிவந்து, தலைவலியும் வாந்தியும் வரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது! ரத்தம் வடித்து, குடலை எடுத்து, உடனே ஐஸில் புதைக்க வேண்டும். ஐஸ் இல்லாத காலத்தில் சூரையை அவித்து, புகை காட்டி, காயவைத்து மாசியாக்கியவர்கள் இந்த விஷயம் தெரிந்தவர்கள்தாம்.

இன்று நம் கரையில் பாய் அபூர்வம். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின, எல்லாவற்றிலும் மோட்டார். குறை சொல்வதற்கில்லை, யார் துடுப்பு போடுவது? ஆனால் மேல்காற்று மாதத்தில் நடுக்கடலில் மோட்டார் நின்றால், படகு மெல்ல மெல்லக் கிழக்கே போய்க்கொண்டே இருக்கும். அந்தப் படகில் ஒரு பாயும், அதைக் கட்டத் தெரிந்த ஒரு ஆளும் இருக்கிறார்களா? மாமாவிடம் கேட்டேன். அவர் படகில் பாய் இருக்கிறது. கட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அடுத்த செமஸ்டர் லீவில் கற்றுத் தருகிறேன் என்றிருக்கிறார்.

அதற்குள் நீங்கள் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: அதே சீலா, வள்ளம் 4 நாட். இழுப்பு எத்தனை கிலோ?