தஞ்சாவூர் வெயிலில் முதிர்ந்த மெர்லோ

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்பது ஐரோப்பாவின் பழைய கல்வீடுகளுக்கு ஏற்பட்ட விதி. அந்த அறையில் 16 முதல் 18 டிகிரி. சித்திரை மாதத்துத் தஞ்சாவூர்க் கூடமோ 35ஐத் தொடும். அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். பிரான்சின் பொமரோல் பகுதி மெர்லோ திராட்சை ஒயின் பத்துப் பதினைந்து ஆண்டு முதிர்ந்தால், பிளம் பழ மணம் தணிந்து உலர்பழமும் புகையிலையும் கலந்த வாசனை வரும்; சூட்டில் அந்த நுட்பமெல்லாம் அமுங்கிப்போகும். குளிர்ந்தால் சிவப்பு ஒயின் துவர்க்குமே என்பார்கள். 5 டிகிரியில் துவர்க்கும், உண்மை. 17 டிகிரியில் அந்தத் தொல்லை இல்லை; அதிலும் முதிர்ந்த மெர்லோவில் துவர்ப்பு ஏற்கெனவே மென்மையாகியிருக்கும்.

ஆகவே முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். கசடு அடியில் இறங்கட்டும். பரிமாறுமுன் ஐஸ் தண்ணீரில் கால் மணி நேரம் நிறுத்தினால் போதும்; பிரிட்ஜ் என்றால் இரண்டு மணி நேரம்வரை ஆகலாம். பழைய தக்கை எளிதில் நொறுங்கும், மெல்லத் திருகுங்கள். முன்கூட்டியே ஊற்றிக் காற்றாட விடலாமே என்பது இளம் ஒயினுக்குச் சரி. முதிர்ந்ததன் மணம் சீக்கிரம் பறந்துவிடும். குடிக்கும் நேரத்தில் கசடு கலங்காமல் கண்ணாடிக் கூஜாவில் வடித்து, கோப்பையில் கொஞ்சமாக ஊற்றுங்கள். நம் ஊரில் நிறைய ஊற்றினால் பாதி குடிப்பதற்குள் சூடாகிவிடும். முகர்ந்து, ஒரு மிடறை நாவில் சற்று நிறுத்திப் பாருங்கள். மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டும் என்பதால், காரம் குறைத்த ஆட்டுக்கறி பொருந்தும். டெல்டா சமையல்காரரிடம் அதைச் சொல்லிச் செய்யவைப்பது தனிப் போராட்டம்.