புது வீட்டு வாசலும் மழைக்காலமும்



லயத்தில் வாசல் எல்லாருக்கும் பொது. புது வீடுகள் பலவற்றில் 7 பேர்ச் காணி, அதாவது சுமார் 1,900 சதுர அடி. தைப்பொங்கலுக்குச் சொந்த வாசலில் அடுப்பு மூட்டி, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்துச் சாப்பிடுவது தனிச் சந்தோஷந்தான்.

ஆனால் வீடு வீடாகப் போகும்போது நாங்கள் பார்ப்பது, மரக்கறி போட இடம் காணாதென்று பின்பக்க மண்மேட்டை வெட்டுகிறார்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அடி வெட்டிய மேடு ஈரத்தில் சரிந்து வீட்டு மேலேயே விழும்.

செய்ய வேண்டியவை:

1. மேட்டை வெட்டாதீங்க.
2. மழைக்கு முன் கானைத் துப்புரவாக்குங்க.
3. போஞ்சி, கரட் பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்க.
4. ஓரத்தில் மானாப்புல் நடுங்க. வேர் மண்ணைப் பிடிக்கும்.

சுவரிலோ நிலத்திலோ புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீர்க் கலங்கல் ஊற்று கண்டால் பிள்ளைகளோடு உடனே வெளியேறுங்கள். சாமானைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.